ரப்பர் தவளைக்கு எதுக்குங்க ஈயம்?

சனி, ஞாயிறு ஆனா எங்க கண்மாய்க் கரையில் நாலஞ்சு கார் நிக்குது. மதுரைப் பக்கமிருந்து வர்றாங்க, திருச்சிப் பக்கமிருந்து வர்றாங்க. எல்லாம் தூண்டில் போட. வரட்டும், நல்லா வரட்டும். வர்ற பிள்ளைங்களைக் கரையில் நிக்கவச்சுக் கேள்வி கேக்குற ஊர் இல்லை எங்க ஊரு. வேப்ப நிழல் இருக்கு, பெட்டிக்கடை இருக்கு, தாகத்துக்குத் தண்ணி கேட்டா மோரே குடுப்போம்.

அவங்க விட்டுட்டுப் போறதைப் பத்தித்தான் எனக்குப் பேச்சு. பிரியாணி டப்பாவையும் தண்ணி பாட்டிலையும் பத்தி ஏற்கனவே நிறையப் பேசியாச்சு. அதெல்லாம் கண்ணுக்குத் தெரியுது, பொறுக்கி எடுத்துடலாம். தண்ணிக்கு அடியில் போய் உக்கார்ற ஒண்ணு இருக்கு. அதோட பேரு ஈயம். இப்போ கடையில் வாங்குற தூண்டில் சாமானை விட, வீட்டிலேயே செஞ்சுகிட்டு வர்ற ரப்பர் புழுவிலயும் ரப்பர் தவளையிலயும்தான் அது அதிகமா வருது. "நானே ஊத்துனதுண்ணே, வெயிட்டு போட்டிருக்கேன், நல்லாத் தூரம் போகும்"னு பெருமையாக் காட்டுறாங்க. உள்ள அமுக்கிப் பாத்தா காரீயம்.

நான் சொல்ல வந்தது ஒரே விஷயம். வீட்டில் செய்யிற ரப்பர் இரைக்கு எடை சேர்க்க ஈயம் தேவையே இல்லை. தேவையில்லாத ஒரு விஷத்தை எங்க கண்மாயில் போட்டுட்டுப் போறதுக்கு, பொழுதுபோக்குங்கிற காரணம் போதாது.

முதல்ல இந்த ரப்பர் இரை என்னன்னு தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி சொல்லிடுறேன். பேருதான் ரப்பர். உண்மையில் அது மெதுவான பிளாஸ்டிக்கு. பி.வி.சி. தூளை ஒரு எண்ணெயில் கரைச்சு வச்ச பால் மாதிரி ஒரு திரவம் கிடைக்குது. அதை 170 டிகிரி பக்கம் சூடாக்கினா கண்ணாடி மாதிரி தெளிஞ்சு பாகாகுது. அச்சில் ஊத்தி ஆறவிட்டா புழு, தவளை, கெண்டைக் குஞ்சு எது வேணும்னாலும் ஆகும். 1949-ல் அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்து ஆக்ரன் ஊர்ல நிக் க்ரீம்னு ஒருத்தர் வீட்டு அடுப்படியில் செஞ்ச பிளாஸ்டிக் புழுவில் இருந்து இந்தத் தொழில் பிடிச்சது. இப்போ நம்ம ஊர்ப் பிள்ளைங்களும் பிஞ்சுபோன பழைய புழுவை உருக்கி, பிளாஸ்டர் அச்சில் ஊத்தி, ஜிகினாத் தூள் போட்டு அழகழகா செய்யிறாங்க. கைவேலை. அதை நான் குறைச்சுப் பேச மாட்டேன். மண்வெட்டிக்குக் கணை போடுறவனுக்குக் கைவேலையோட அருமை தெரியும்.

இந்தப் புழுவில் ஒரு சங்கடம் என்னன்னா, அதுக்கு எடை பத்தாது. வீசினா காத்துல பறக்குது, தண்ணியில் போட்டா மிதக்குது, இல்லை சோம்பேறித்தனமா இறங்குது. அதனால எடை சேர்க்கணும். அங்கதான் ஈயம் வருது. டயர் கடையில் சக்கரத்துக்கு பேலன்ஸ் பண்ணிக் கழட்டிப் போட்ட துண்டு, பழைய இரும்புக் கடையில் கிடைக்கிற பேட்டரித் தகடு, பழைய வலையில் உதிர்ந்த குண்டு, எது கிடைச்சாலும் உருக்கிக் கம்பியா, குண்டா ஊத்தி, தவளை வயித்துக்குள்ள சொருகிடுறாங்க. ஈயம் மலிவு, சீக்கிரம் உருகும், கனம் அதிகம். வேற காரணம் ஒண்ணும் கிடையாது.

சரி, அந்தத் தவளை எங்க போகுது? எங்க கண்மாயில் அல்லி இருக்கு, ஆகாயத்தாமரை இருக்கு, கருவேல முள்ளு மூழ்கிக் கிடக்கு. விரால் இருக்கிறதும் அந்தப் புதருக்குள்ளதான். அதனால வீசறதும் அங்கதான். சிக்கினா இழுக்கிறாங்க, நரம்பு அறுந்துடுது, தவளை அங்கேயே நின்னுடுது. தூண்டில் போடுறவனுக்கு அது அன்னைக்குப் போன காசு. கண்மாய்க்கு அது பல வருசத்துக்குக் கிடக்கிற சரக்கு.

நகரத்தில் இருக்கிறவங்க கண்மாய்ன்னா தண்ணி நிறைஞ்ச ஒரு படமாத்தான் நினைக்கிறீங்க. எங்களுக்கு அது வருசத்தில் பாதி நாள் தண்ணி, பாதி நாள் தரை. மாசி, பங்குனியில் தண்ணி வத்தினதும் அழிகண்மாய்னு ஊரே இறங்கும். கச்சா, ஊத்தா, ஒண்ணும் இல்லாதவன் வெறுங்கை. பிள்ளைங்க சேத்தைக் கையால துழாவித்தான் மீன் பிடிக்கும். அதுக்கப்புறம் சித்திரை, வைகாசியில் ஆடு, மாடெல்லாம் அந்தத் தரையில்தான் மேயும். அப்புறம் வண்டல். கண்மாய் வண்டலை வெட்டி வயலுக்கு அடிக்கிறது எங்க தாத்தன் காலத்துப் பழக்கம். இப்போ அரசாங்கமும் விவசாயத்துக்கு இலவசமா எடுத்துக்கன்னு அனுமதி குடுக்குது. அந்த வண்டல்ல விழுற நெல்லைத்தான் நீங்களும் நானும் சாப்பிடுறோம். கண்மாயில் போட்டது கண்மாயிலேயே கிடக்காது. நடந்து வெளிய வரும்.

நியாயமாப் பேசணும்னா ஒண்ணையும் சேத்துச் சொல்லணும். ஈயக் குண்டு உப்புக்கல்லு மாதிரி உடனே கரைஞ்சு ஓடுற சாமான் இல்லை. மேல ஒரு வெள்ளைப் படலம் கட்டிகிட்டு, மெதுவாத்தான் அரிக்கும். ஒரு தவளை விழுந்ததால தண்ணி மொத்தமும் விஷமாயிடுச்சுன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. ஆபத்து வேற வழியில் வருது. துண்டு முழுசா ஒரு வயித்துக்குள்ள போறதுதான் பெரிய ஆபத்து.

நாட்டுக்கோழி அறுத்துப் பாத்தவங்களுக்குத் தெரியும். உள்ள கெட்டியா ஒரு சதைப்பை இருக்கும், கீறினா கல்லும் மணலுமா கொட்டும். பல்லு இல்லாத பறவை அந்தக் கல்லை வச்சுத்தான் தீனியை அரைக்குது. கண்மாய்க்கு வர்ற புள்ளிமூக்கு வாத்து, சிறகி, நாமக்கோழி எல்லாம் அப்படித்தான் சேத்துல கிளறிக் கல்லு பொறுக்கும். ஈயக் குண்டும் அதுக்கு ஒரு கல்லுதான். உள்ள போனதும் அதே சதைப்பை அந்த ஈயத்தை அரைக்க ஆரம்பிக்குது. வயித்துப் புளிப்பும் சேந்து கரைச்சு ரத்தத்தில் ஏத்திடுது. பறவைக்குக் கழுத்து தொங்கும், றெக்கை தொங்கும், தின்னது செரிக்காது, சில வாரத்தில் சாவு. தூண்டில் போட்டவன் அதைப் பாக்கவே மாட்டான். அவன் போய் ரெண்டு ஞாயித்துக்கிழமை ஆகியிருக்கும்.

இது நான் கற்பனையில் சொல்றது இல்லை. இங்கிலாந்தில் அன்னப் பறவைங்க இப்படிச் செத்துச் செத்துத்தான் 1987-ல் சின்ன ஈயக் குண்டுகளை விக்கறதுக்குத் தடை வந்துச்சு. 0.06 கிராமுக்கு மேல, 28.35 கிராம் வரைக்கும் உள்ள குண்டுக்குத் தடை. அதுக்கப்புறம் அன்னங்களோட எண்ணிக்கை ஏறுச்சு. அமெரிக்காவில் நியூ ஹாம்ப்ஷயர் ஏரிகளில் லூன்னு ஒரு முக்குளிக்கிற பறவை இருக்கு. அறுந்த தூண்டிலோட திரியிற மீனை முழுங்கும்போது கூடவே ஈயத்தையும் முழுங்கிடுது. ஒரே ஒரு குண்டு போதும் அதைக் கொல்ல. அங்கயும் சட்டம் போட்டாங்க. கனடா நாட்டுத் தேசியப் பூங்காக்களில் 50 கிராமுக்குக் குறைஞ்ச ஈயத்தை 1997-லேயே தடுத்துட்டாங்க.

இந்தச் சட்டங்களில் ஒண்ணைக் கவனிச்சீங்களா? எல்லாமே சின்னக் குண்டைத்தான் தடுக்குது. ஏன்னா பெரிய குண்டைப் பறவை முழுங்க முடியாது. "சின்னதுதானேண்ணே, ரெண்டு கிராம்"னு சொல்றீங்களே, அந்தச் சின்னதுதான் ஆபத்தே.

எங்க சிவகங்கைச் சீமையில் வேட்டங்குடி பறவைகள் சரணாலயம் இருக்கு. 1977-ல் சரணாலயம் ஆச்சு. பக்கத்துல கொள்ளுக்குடிப்பட்டி சனங்க அந்தப் பறவைங்க மிரளக்கூடாதுன்னு தீபாவளிக்கு வெடி போடறது இல்லை. பிள்ளைங்களுக்கு வெடி ஆசை இருக்காதா? இருக்கும். விட்டுக் குடுத்திருக்காங்க, வருசா வருசம். வாத்துக்கு ஒரு சத்தம் கூடாதுன்னு இருக்கிற சீமையில், அதோட வயித்துக்குள்ள ஈயத்தைப் போட்டுட்டுப் போறது என்ன மாதிரி மரியாதைன்னு நீங்களே சொல்லுங்க.

பறவை கிடக்கட்டும், உங்க வீட்டுக்கு வருவோம். இந்த ஈயத்தை எங்க உருக்குறீங்க? அடுக்குமாடி பால்கனியில், சின்ன அடுப்பு வச்சு. ஈயம் 327 டிகிரியில் உருகும். சூடு மேல மேல ஏத்தினா புகை. அதை விட மோசம், மேல மிதக்கிற சாம்பல் மாதிரி கசடு. அதைக் கரண்டியால வழிச்சுத் தட்டுவீங்க, அது தூளாப் பறக்கும். சட்டையில், தலைமுடியில், பால்கனித் தரையில் படியும். மறுநாள் காலையில் அங்கதான் உங்க பிள்ளை தவழும். ஈரம் பட்ட அச்சில் ஊத்தினா ஆவி வெடிச்சு உருகின ஈயம் முகத்தில் தெறிக்கும். பட்டறைக்காரங்களைக் கேட்டாத் தெரியும். இன்னும் சிலபேர் ஈயக் குண்டைப் பல்லால கடிச்சு நரம்பில் பூட்டுறாங்க. கண்ணாலயே பாத்திருக்கேன்.

உடம்புக்குள்ள போன ஈயம் எலும்புல போய் உக்காரும். குழந்தைங்களுக்கு மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். இவ்வளவு வரைக்கும் பரவாயில்லைன்னு ஒரு அளவே கிடையாதுன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. அதனாலதான் நம்ம நாட்டில் 2000-ல் பெட்ரோல்ல இருந்து ஈயத்தை எடுத்தாங்க. 2017-ல் இருந்து வீட்டுக்கு அடிக்கிற பெயிண்ட்ல கிலோவுக்கு 90 மில்லிகிராமுக்கு மேல ஈயம் இருக்கக்கூடாதுன்னு விதி. உங்க தவளை வயித்தில் 5 கிராம் குண்டு இருந்தா அது 5,000 மில்லிகிராம். 55 கிலோ பெயிண்ட்ல இருக்கலாம்னு அனுமதிச்ச அளவு, ஒரு தவளையில். வீட்டுச் செவுத்துக்குக் கணக்குப் பாத்து ஈயம் இல்லாத பெயிண்ட் வாங்குறவர், பால்கனியில் ஈயம் காய்ச்சறது என்ன கணக்குன்னு எனக்குப் புரியலை.

இதைக் கரையில் நின்னு சொன்னா மூணு பதில் வரும். மூணுக்கும் பதில் சொல்லிடுறேன்.

ஒண்ணு: "ஒரு தவளை போனா என்ன ஆகப் போவுது?" ஒரு பேச்சுக்குக் கணக்குப் போடுவோம். ஞாயித்துக்கிழமைக்கு 10 பேர். ஆளுக்கு 2 தவளை அறுந்து போகுது. ஒவ்வொண்ணிலும் 5 கிராம். ஒரு நாளைக்கு 100 கிராம். கண்மாயில் தண்ணி நிக்கிற 25 வாரத்துக்கு 2.5 கிலோ. பத்து வருசத்தில் 25 கிலோ, 5,000 துண்டு. ஒரு வாத்துக்கு ஒரு துண்டு போதும்னு மேல சொன்னேன். மிச்சத்தை நீங்களே பெருக்கிக்கங்க.

ரெண்டு: "உங்க ஊர் வீச்சு வலையில் ஈயக் குண்டு கட்டலையா? அதைக் கேட்டீங்களா?" நல்ல கேள்வி. கட்டுறாங்க. ஆனா வலை வீசினா வலையோட குண்டும் கரைக்கு வந்துடும். ஒரு குண்டு உதிர்ந்தா வலைக்காரன் அதைத் தேடுவான், அவனுக்கு அது காசு. உங்க தவளை முள்ளுக்குள்ள வீசறதுக்குன்னே செஞ்சது. அறுந்து போறது அதோட விதியிலேயே இருக்கு. இருந்தாலும் வலையிலும் ஈயம் வேண்டாம்னுதான் நான் சொல்றேன். முன்னாடி சுட்ட மண் குண்டு கட்டிய வலை இருந்துச்சு, இரும்புச் சங்கிலி கோத்த வலையும் இருக்கு. ஆனா ஒண்ணு, அவன் வலை மாத்தணும்னா ஆயிரக்கணக்கில் செலவு, அது அவன் பொழைப்பு. உங்களுக்கு ஒரு ஆணி போதும். யார் முதல்ல மாறணும்?

மூணு: "பூச்சிமருந்து அடிக்கிற விவசாயி எங்களுக்குப் புத்தி சொல்றீங்களா?" கேளுங்க, கண்டிப்பாக் கேளுங்க. 2011-ல் எண்டோசல்பானை உச்ச நீதிமன்றம் தடுத்தது, கேள்வி கேட்டவங்க இருந்ததாலதான். விவசாயத்தில் இன்னும் கேக்க வேண்டியது நிறைய இருக்கு. ஆனா வயல்ல அடிக்கிற விஷத்தைக் காட்டி, கண்மாயில் போடுற விஷத்துக்கு ரசீது வாங்க முடியாது. ரெண்டும் கடைசியில் சேர்றது ஒரே மடைத் தண்ணியில்தான்.

இப்போ முக்கியமான இடத்துக்கு வருவோம். ஈயம் இல்லாம எடை சேர்க்க முடியுமா? தாராளமா முடியும். கணக்கைப் பாருங்க. ஒரே அளவுத் தண்ணியோட எடை 1-ன்னு வச்சா, ஈயம் 11.3, செம்பு 9, இரும்பு 7.8, வெள்ளீயம் 7.3, ஆத்து மணல் 2.6, உப்பு 2.2. "பாத்தீங்களா, ஈயம்தான் கனம்"னு உடனே சொல்வீங்க. கொஞ்சம் பொறுங்க. 5 கிராம் ஈயத்தைத் தண்ணிக்குள்ள விட்டா, தண்ணி தாங்குற தாங்கு போக, அதோட எடை சுமார் 4.56 கிராம். 5 கிராம் இரும்பை விட்டா 4.36 கிராம். வித்தியாசம் 0.2 கிராம். இதுக்காகவா இவ்வளவு பாடு? இரும்புக் குண்டு கொஞ்சம் பெருசா இருக்கும், அவ்வளவுதான். அதுவும் குறுக்களவில் எட்டில் ஒரு பங்குதான் கூடும். ரப்பர் தவளை வயித்துக்குள்ள அந்த இடம் இல்லையா?

இன்னொண்ணு. எங்க கண்மாய் நிறைஞ்சாலே மடைக்கிட்டத்தான் ஆழம், மத்த இடமெல்லாம் இடுப்பளவு. விரால் காத்து வாங்க மேல வர்ற மீன். குஞ்சுக் கூட்டத்தைக் காத்துகிட்டு இலைக்கு அடியிலேயே நிக்கும். அதுக்கு நேரே மெதுவா இறங்குற இரைதான் வேணும். கல்லு மாதிரி அடியில் போய்ச் சேத்துல குத்துற தவளையைப் பாத்து விரால் சிரிக்கும். இரண்டு, மூணு கிராமுக்கு மேல எங்க தண்ணிக்கு வேலையே இல்லை.

செய்முறை சொல்றேன், கேட்டுக்கங்க.

உப்பு. மிக்சியில் மாவா அரைச்சு, வாணலியில் ஈரம் போக வறுத்து, பிளாஸ்டிக் பாகில் கலந்து ஊத்துங்க. ஈரம் இருந்தா பாகு பொங்கித் தெறிக்கும், அதனால நல்லா வறுக்கணும். புழு முழுக்க ஒரே சீரா எடை ஏறும், கிடைமட்டமா ஆடிகிட்டே இறங்கும். இது ஒண்ணும் ஏழைக்குன்னு செஞ்ச ஏற்பாடு இல்லை. கேரி யமமோட்டோ கம்பெனியோட பேர்பெற்ற சென்கோ புழுவோட ரகசியமே உள்ள இருக்கிற உப்புதான். உப்பு கூடிட்டா புழு சீக்கிரம் பிய்யும், அளவு பாத்துப் போடணும்.

பால்ரஸ். சைக்கிள் கடையில் பழசு சும்மாவே குடுப்பாங்க. கால் இஞ்சு பால்ரஸ் ஒண்ணு சரியா ஒரு கிராம் பக்கம் வரும். தராசே வேண்டாம், எண்ணிப் போட்டாப் போதும். ஊத்தும்போதே அச்சில் வயித்துப் பக்கம் ரெண்டை வச்சு ஊத்துங்க. கொக்கிக்குக் கீழ, வயித்தில் எடை இருந்தா தவளை மல்லாக்காது.

ஆணி. ரெண்டு இஞ்சு ஆணி ரெண்டு கிராம் பக்கம் வரும். தேவைக்கு வெட்டிக்கங்க. மூக்கில் சொருகினா தலைகீழா இறங்கும், நடுவில் சொருகினா படுத்தபடி இறங்கும். ஒரு சொட்டு பெவிக்விக் விட்டா நழுவாது. ஒரே ஒரு வேண்டுகோள்: கூர்முனையை வெட்டி எடுத்துட்டுச் சொருகுங்க. அழிகண்மாயில் வெறுங்காலோட இறங்குற சனம் நாங்க.

செம்புக் கம்பி. பம்புசெட் மோட்டார் காயில் கட்டுற கடையில் கழிவுக் கம்பி கிடைக்கும். கொக்கித் தண்டுல சுத்தினாப் போதும், வேணுங்கிற அளவுக்குக் கூட்டிக் குறைக்கலாம். செம்பும் கண்மாய்க்குச் சந்தனம் இல்லை, அதனால அளவோட. ஈயத்தோட ஒப்பிட்டா எவ்வளவோ மேல்.

காசு இருக்கிறவங்க டங்ஸ்டன் வாங்கலாம். ஈயத்தை விடவே கனம், 19.3. பத்தாயிரம் ரூபாய் ரீல் வாங்குறவருக்கு அது ஒண்ணும் பெரிய செலவு இல்லை.

"இரும்பு துருப்பிடிக்குமேண்ணே"ன்னு கேப்பீங்க. பிடிக்கட்டும்யா. அதுதான் அதுகிட்ட எனக்குப் பிடிச்ச குணம். எங்க செம்மண்ணோட சிவப்பே இரும்புத் துருதான். நீங்க தொலைச்ச பால்ரஸ் இருபது வருசத்தில் என் வயல் மண்ணோட மண்ணாப் போகும். ஈயம் மண்ணாப் போகாது. எந்த உருவத்தில் மாறினாலும் ஈயம் ஈயமாத்தான் இருக்கும்.

கடைசியா ஒரு பெரிய குழப்பத்தைத் தீர்த்து வச்சுடுறேன். ஈயம் கெடுதல்னு சொன்னதும் ஒருத்தர் கேட்டார்: "அப்போ எங்க பாட்டி ஈயச் சொம்பில் ரசம் வச்சாங்களே, நாங்க செத்தா போயிட்டோம்?" நம்ம தமிழில் ரெண்டு உலோகத்துக்கு ஒரே பேரை வச்சுக்கிட்டதால வந்த வினை இது. ஈயச் சொம்பு வெள்ளீயம். பித்தளைப் பாத்திரத்துக்கு உள்ள பூசறதும் அதுதான். தூண்டில் குண்டு காரீயம். ரெண்டும் வேற வேற சாமான், அண்ணன் தம்பி கூடக் கிடையாது. பாட்டி வெறும் சொம்பை அடுப்பில் வைக்க விட மாட்டாங்க. ஏன்னா வெள்ளீயம் 232 டிகிரியிலேயே உருகி ஓடிடும்.

அந்தக் குணம் உங்களுக்குத்தான் வசதி. உருக்கி ஊத்தியே ஆகணும், அந்தச் சுகம் வேணும்னா வெள்ளீயத்தை உருக்குங்க. ஈயத்தை விடக் குறைஞ்ச சூடே போதும், இதே அச்சில் ஊத்தலாம். விலை கூட, ஆனா அஞ்சு கிராமுக்கு எவ்வளவு ஆகிடும்? ரெண்டு எச்சரிக்கை. கடையில் கிடைக்கிற சாதாரண சால்டர் கம்பியை வெள்ளீயம்னு நினைச்சு வாங்காதீங்க, அதில் பாதிக்குப் பாதி காரீயம் கலந்திருக்கும். ஈயம் கலக்காதது, 'லெட் ஃப்ரீ'னு கேட்டு வாங்குங்க. அப்புறம், உருகின வெள்ளீயத்தை நேரா தவளைக்குள்ள ஊத்திடாதீங்க, தவளையும் சேந்து உருகிடும். தனியா ஊத்தி, ஆறினதும் சொருகணும். கண்ணாடி, கையுறை, காஞ்ச அச்சு, காத்தோட்டம் இதெல்லாம் எந்த உலோகத்துக்கும் வேணும். சமைக்கிற பாத்திரத்தைத் தொடாதீங்க.

இவ்வளவுதாங்க. சட்டம் வரட்டும், பலகை வைக்கட்டும்னு காத்திருக்க வேண்டாம். சட்டம் வந்தாலும் எங்க கரையில் வந்து தவளை வயித்தைக் கீறிப் பாக்க எந்த அதிகாரியும் வரப்போறது இல்லை. இது உங்க கைக்கும் எங்க தண்ணிக்கும் நடுவில் உள்ள விவகாரம். மீனைப் பிடிச்சுப் படம் எடுத்துட்டுத் திரும்பத் தண்ணியில் விட்டுட்டு, "நாங்க இயற்கையை நேசிக்கிறவங்க"ன்னு எழுதுறீங்க. விட்ட மீனுக்குப் பக்கத்திலேயே ஒரு ஈயத் துண்டையும் விட்டுட்டுப் போனா அந்த நேசத்தை நான் எப்படி நம்புறது?

வீட்டில் மிச்சம் இருக்கிற காரீயத்தைக் குப்பையில் போடாதீங்க, அது வேற ஒரு ஊர்க் கண்மாய்க்குத்தான் போய்ச் சேரும். பழைய பேட்டரி வாங்குற கடையில் குடுத்துடுங்க. அடுத்த ஞாயிறு வரும்போது பால்ரஸ் போட்ட தவளையைக் கொண்டாங்க. விரால் எந்தப் பக்கம் நிக்குதுன்னு நானே கூட்டிட்டுப் போய்க் காட்டுறேன். ஈயம் போட்டதைக் கொண்டு வந்தா காட்ட மாட்டேன்.